‘லினக்ஸ்ல கேம் ஓடுமா அண்ணா?’ - அலமாரியில் தூங்கும் லேப்டாப்புக்கு ஒரு நல்ல சேதி!

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். யாராவது ஒருவர் போனில் கேம் ஆடிக்கொண்டிருப்பார். அந்த ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமே லினக்ஸ்தான் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதே இளைஞரிடம் லேப்டாப்பில் லினக்ஸ் போடச் சொன்னால், ‘‘ஐயோ, அதுல கேம் ஓடாதே!’’ என்பார்.

இந்த ஒரு பதில், தமிழ்நாட்டில் பல லேப்டாப்களின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது.

2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7-உடன், ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். ஆனால், லேப்டாப் வீட்டுக்கு வந்த கையோடு பலர் போய் நின்ற இடம் கம்ப்யூட்டர் கடை. ‘‘அண்ணா, இந்த லினக்ஸைத் தூக்கிட்டு முழுசா விண்டோஸ் போட்டுக் கொடுங்க. கேம் விளையாடணும்.’’

அன்றைக்கு அவர்கள் சொன்னதில் தப்பில்லை. உண்மையிலேயே ஓடவில்லை. இன்று நிலைமை வேறு.

பரிசல் வந்த கதை

கேம் தயாரிக்கும் நிறுவனங்கள் விண்டோஸுக்குத்தான் கேம் எழுதின. லினக்ஸில் ஆள் இல்லை, அதனால் கேம் இல்லை. கேம் இல்லை, அதனால் ஆள் வரவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க, ‘ஸ்டீம்’ என்ற கேம் கடையை நடத்தும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2013-ல் களமிறங்கியது. 2015-ல் ‘ஸ்டீம் மெஷின்’ என்ற பெயரில் லினக்ஸ் கேம் கம்ப்யூட்டர்களும் வந்தன. போதுமான கேம்கள் இல்லாததால் அவை விலைபோகவில்லை.

திருப்பம் 2018 ஆகஸ்ட்டில் வந்தது. அதன் பெயர் ‘புரோட்டான்’. ஒகேனக்கல்லில் இந்தக் கரையில் இருப்பவரைப் பரிசல் அந்தக் கரைக்குக் கொண்டுபோய் விடுகிறதல்லவா? அதேபோல, விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம் கேட்கும் ஒவ்வொன்றையும் லினக்ஸுக்குப் புரியும் விதத்தில் மாற்றிக் கொடுக்கிறது புரோட்டான். கேம் நிறுவனம் லினக்ஸுக்காகத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. 1993-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவந்த ‘வைன்’ மென்பொருள்தான் இதற்கு ஆதாரம்.

2022 பிப்ரவரியில், லினக்ஸில் இயங்கும் ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்கக் கருவி வெளிவந்த பிறகு, கேம் நிறுவனங்களும் லினக்ஸைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தன. 2025 அக்டோபரில், ஸ்டீம் பயன்படுத்துவோரில் லினக்ஸ்காரர்களின் பங்கு முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. விண்டோஸின் 90-க்கும் மேற்பட்ட சதவீதத்துக்கு முன்னால் இது சிறிய எண்தான். ஆனால், 1 சதவீதத்திலேயே பல வருடங்கள் நின்றிருந்த எண் அது!

எது ஓடும்... எது ஓடாது?

‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2’, ‘டோட்டா 2’ இரண்டும் நேரடியாகவே லினக்ஸில் ஓடுகின்றன. ‘மைன்கிராஃப்ட்’ ஜாவா பதிப்பும் அப்படியே. ‘ஜி.டி.ஏ 5’ போன்ற கேம்களைத் தனியாக ஆட, புரோட்டான் உதவுகிறது.

சிக்கல், பலரும் சேர்ந்து போட்டிபோடும் ஆன்லைன் கேம்களில்தான். ‘வேலரன்ட்’, ‘ஃபோர்ட்நைட்’ லினக்ஸில் ஓடாது. யாராவது குறுக்குவழியில் ஜெயிக்கிறார்களா என்று கண்காணிக்கும் காவல் மென்பொருள் விண்டோஸின் ஆழம் வரை சென்று வேலை செய்வது. லினக்ஸில் அந்த அளவுக்குக் கண்காணிக்க முடியாது என்று நிறுவனங்கள் தயங்குகின்றன. ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் இதே காரணத்தைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் கூடினால் பரிசலுக்குத் தடை போடுவதைப் போலத்தான் இதுவும். பரிசல் தயார், அனுமதிதான் இல்லை.

போன் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஆட உதவும் ‘ப்ளூஸ்டாக்ஸ்’ மென்பொருளும் லினக்ஸுக்கு இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய குறைதான்.

உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு என்ன பயன்?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திக்கொண்டது. பழைய லேப்டாப்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. புதிது வாங்கப் பணமில்லாத வீடுகளில், யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து திருட்டு விண்டோஸையும் திருட்டு கேமையும் ஏற்றுவது நடக்கிறது. அதோடு சேர்ந்து வரும் வைரஸ், அந்த லேப்டாப்பில் இருக்கும் அப்பாவின் வங்கிக் கணக்கு பாஸ்வேர்டு வரைக்கும் கைவைக்கலாம்.

இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கும். ‘லினக்ஸ் மின்ட்’ போன்றவை இலவசம். பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் அழிக்காமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் போட்டோ, சர்டிஃபிகேட்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்துவது முக்கியம்.

ஒன்றை மறக்கக் கூடாது. லினக்ஸ் போட்டதும் 2 ஜி.பி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ‘ஜி.டி.ஏ 5’ ஓடிவிடாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய இயந்திரத்தில் பெரிய கேம்கள் பெரும்பாலும் திணறும். ஆனால், ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ என்ற கார் பந்தய கேமைக் காட்சித் தரத்தைக் குறைத்து ஆடிப் பார்க்கலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லித்தரும் ‘ஜிகாம்ப்ரி’ இருக்கிறது. இரண்டுமே இலவசம், இடையில் விளம்பரமும் வராது.

2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இந்தப் புதிய லேப்டாப்களில் விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸும் இடம்பெறுகிறது. கடைக்குக் கொண்டுபோய் அதை அழிப்பதற்கு முன், இந்த முறை ஒருதடவை திறந்து பார்க்கலாம்.

‘‘லினக்ஸ்ல கேம் ஓடுமா?’’ என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், ‘‘ஓடாது’’ என்று இனி ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டியதில்லை. ‘‘எந்த கேம்?’’ என்று திருப்பிக் கேளுங்கள். பதில் அதில்தான் இருக்கிறது!