ஹீட்டர் விலை ரூ.8,200, மாட்டி முடித்தபோது ரூ.14,300!

மேற்கு மாம்பலம் குடும்பத்துக்கு வந்த "வெந்நீர் செலவு"
பெட்டியோடு வந்த வால்வை மாட்டாமல் போன பிளம்பர்

மார்கழி பிறந்தால் சென்னையில் வெந்நீருக்கு கிராக்கி. சுவரில் தொங்கும் பழைய ஹீட்டர்கள் "மக்கர்" பண்ணுவதும் அப்போதுதான்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. வயது 66. பென்ஷனில் குடும்பம் ஓடுகிறது. பிரசவத்துக்கு வந்த மகளும், பிறந்து 20 நாளே ஆன பேரனும் வீட்டில் இருக்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட தினமும் வெந்நீர் வேண்டும்.

அந்த வீட்டு ஹீட்டர் 2002-ல் வாங்கியது. ஒரு நாள் காலையில் அதன் அடியில் இருந்து தண்ணீர் ஒழுகி சுவரெல்லாம் வழிந்தது.

குழாயைத் திறக்கப் போன வீட்டுக்கார அம்மாவுக்கு கையில் "சுர்"ரென்று ஷாக் அடித்தது. அலறிக்கொண்டே கையை உதறினார். கணவர் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"இனி தேறாது"

பிளம்பர் வந்து பார்த்தார். "டாங்கியே ஓட்டை சார். இனி தேறாது" என்று கையை விரித்தார்.

ஹீட்டரில் காயில் எரிந்து போனாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டாலும், அதை மட்டும் மாற்றி ஓட்டலாம். டாங்கி ஓட்டையானால் புதுசுதான் வழி.

சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் காயிலில் வெள்ளையாகப் படிந்துவிடும். சுண்ணாம்பு ஏற ஏற தண்ணீர் சுட நேரம் ஆகும், கரண்டும் கூடுதலாக இழுக்கும்.

கடையில் சொன்ன விலை

பெரியவர் தி.நகருக்கு பஸ் ஏறினார். 15 லிட்டர் ஹீட்டர் ரூ.8,200 என்றார்கள். விலைக்குள் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் அடக்கம். 2017-ல் இது 28 சதவீதமாக இருந்தது. 2018 ஜூலையில் குறைத்தார்கள்.

"5 ஸ்டார் வாங்குங்க, கரண்ட் மிச்சம்" என்றார் விற்பனையாளர்.

ஹீட்டரில் ஒட்டியிருக்கும் ஸ்டார், சுட்ட தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்கான கணக்கு. நாள் முழுக்க ஸ்விட்சைப் போட்டு வைப்பவருக்கு அதில் லாபம் உண்டு. குளிக்கப் போகும் முன் போட்டு, உடனே அணைப்பவருக்கு பெரிய வித்தியாசம் தெரியாது.

2,000 வாட் காயில் 15 லிட்டர் தண்ணீரை நன்றாகச் சுட வைக்க சுமார் 20 நிமிஷம் ஆகும். செலவு அரை யூனிட்டுக்கு சற்று மேல்.

"பழசைக் கொடுத்தால் ரூ.500 கழிச்சுக்கறோம்" என்றும் கடையில் சொன்னார்கள். பெரியவர் "யோசிச்சு சொல்றேன்" என்று வந்துவிட்டார்.

வால்வு எங்கே?

பிளம்பர் மறுநாள் ஹீட்டரை மாட்டிவிட்டு கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கரண்ட் இணைப்புக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடப் போனவர், உள்ளே கிடந்த பித்தளைச் சாமானைப் பார்த்து திடுக்கிட்டார்.

"ஐயா, இதை ஏன் மாட்டலை?"

"அது சொட்டிக்கிட்டே இருக்கும், வேண்டாம்னு பிளம்பர் சொன்னாருப்பா."

"சொட்டத்தான் ஐயா அதை வச்சிருக்கான்!"

அதுதான் சேப்டி வால்வு. தண்ணீர் சுட்டால் பெருகும். 15 லிட்டர் தண்ணீர் சுட்டதும் ஒரு டம்ளர் அளவு கூடிவிடும். போக வழியில்லாமல் அடைபட்டால் அந்த அழுத்தம் டாங்கியைத் தாக்கும். வால்வு அதை சொட்டு சொட்டாக வெளியே விடுகிறது.

தெர்மோஸ்டாட்டும், அதற்குத் துணையான கட்-அவுட்டும் சேர்ந்து கெட்டுப் போனால் தண்ணீர் கொதிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வால்வு இல்லாவிட்டால் ஹீட்டர் வெடிகுண்டுதான்.

அறுந்து கிடந்த எர்த்

அடுத்த அதிர்ச்சி சுவருக்குள் இருந்தது. பிளக்கில் 3 ஓட்டை உண்டு. ஆனால் எர்த் ஒயர் பாதி வழியில் அறுந்து கிடந்தது. அம்மாவுக்கு ஷாக் அடித்த ரகசியம் அப்போதுதான் தெரிந்தது.

எர்த் சரியாக இருந்தால் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இருந்தால், கசிவு தெரிந்ததுமே கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். அந்த வீட்டில் இரண்டும் இல்லை.

செலவுக் கணக்கு

ஹீட்டர் – ரூ.8,200
இரண்டு ஹோஸ் பைப் – ரூ.500
துருப்பிடித்த பைப், குழாய் மாற்ற – ரூ.900
மாட்டுகூலி – ரூ.600
பழசை இறக்க – ரூ.300
எர்த் ஒயர், 16 ஆம்பியர் பிளக், கூலி – ரூ.1,700
இ.எல்.சி.பி. – ரூ.2,100
மொத்தம் – ரூ.14,300

பெரியவர் கையில் இருந்தது 9 ஆயிரம். மீதிக்கு, பேரனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்க எடுத்து வைத்த பணத்தில் கை வைத்தார்.

"எர்த்தும் இ.எல்.சி.பி.யும் அப்புறம் பார்த்துக்கலாமே?" என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தார்.

"அதை முதல்ல போடுங்க. அம்மா கை வைக்கிற குழாய்" என்றார் எலக்ட்ரீஷியன். பெரியவர் மறுபேச்சு பேசவில்லை.

செம்பு கொடுத்த காசு

பழைய ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே செம்பு டாங்கி. இப்போது வரும் பல ஹீட்டர்களில் கண்ணாடிப் பூச்சு பூசிய இரும்பு டாங்கிதான். அது அரிக்காமல் இருக்க உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். அந்தக் கம்பி கரைந்து டாங்கியைக் காப்பாற்றும். உப்புத் தண்ணீர் வீடுகளில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

செம்பு டாங்கி தராசில் 4 கிலோ நின்றது. காயலான் கடையில் ரூ.2,200 கொடுத்தார்கள். கடைக்காரர் சொன்ன 500-க்கு விட்டிருந்தால் ரூ.1,700 போயிருக்கும்.

வாங்குபவர் கவனிக்க

ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். பெட்டியில் வரும் வால்வு சுவரில் ஏறியதா என்று நின்று பாருங்கள். எர்த் சோதிக்காமல் ஸ்விட்ச் போடாதீர்கள். சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் ஹீட்டரைச் சொருகாதீர்கள், பிளக் கருகிவிடும். குளிக்கும்போது ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ஹீட்டர் ஓடாதபோதும் வால்வு சொட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மறுநாள் காலை பேரனுக்கு வெந்நீர் தயார். வால்வில் இருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"புதுசும் ஒழுகுதே!" என்று பதறினார் அம்மா.

பெரியவர் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒழுகட்டும் விடு. அரைஞாண் அடுத்த மாசம் பென்ஷன்ல வாங்கிக்கலாம்."