நாயைக் கடைக்குள் கூட்டிப் போகலாமா?

மாலையில் நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள். "வரும்போது அப்படியே அரை லிட்டர் பால் வாங்கிட்டு வந்துடுங்க" என்று வீட்டிலிருந்து குரல் வருகிறது. கடை வாசலுக்கு வந்ததும்தான் குழப்பம். உள்ளே கூட்டிப் போகலாமா, வாசலில் கட்டிவிட்டுப் போகலாமா? நம்மில் பலர் அந்த நேரத்தில் தோன்றுவதைச் செய்துவிடுகிறோம். அதில் நாய்க்கும் அடுத்தவருக்கும் ஆபத்து வரக்கூடிய இடங்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் சட்டம். வளர்ப்பு நாயை எந்தக் கடைக்குள்ளும் கொண்டுவரக் கூடாது என்று எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. கொண்டுவர உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் சட்டமும் இல்லை. துணிக்கடை, புத்தகக் கடை, செல்போன் கடை, சலூன் போன்ற இடங்களில் முடிவு கடைக்காரருடையது. அவர் சரி என்றால் போகலாம். வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டியதுதான்.

"பொதுமக்கள் வந்துபோகிற இடம்தானே, எப்படித் தடுக்கலாம்?" என்று சிலர் கேட்பார்கள். அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகளில் யாரையும் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. பெரிய போராட்டங்களுக்குப் பின் மனிதர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. நாய்க்கு அது பொருந்தாது. உங்களை உள்ளே விட்டு, நாயை மட்டும் வேண்டாம் என்று சொன்னால் கடைக்காரர் உங்களை அவமதித்ததாக ஆகாது.

சாப்பாட்டுப் பொருள் விற்கும் கடை என்றால் கதையே வேறு. அங்கே கடைக்காரரின் விருப்பம்கூட செல்லாது. உணவுக் கடைகளுக்கு உரிமம் வழங்குவதற்கான 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளின் நான்காவது அட்டவணை, உணவு கையாளும் இடத்துக்குள் விலங்குகள், பறவைகள், வளர்ப்புப் பிராணிகள் எதையும் விடக் கூடாது என்கிறது. அந்த விதி கடைக்காரரின் தலைமேல்தான் இருக்கிறது. நாயோடு நீங்கள் நுழைந்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரி அதைப் பார்த்தால், பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

எந்தக் கடை இந்த விதிக்குள் வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்லாவுக்குப் பின்னாலோ சுவரிலோ ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கும். அதில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அதே எண்ணைப் பில்லிலும் பார்க்கலாம். அதுதான் உணவு உரிமம் அல்லது பதிவு எண். ஹோட்டல், பேக்கரி, டீக்கடை மட்டும் இல்லை, மளிகைக் கடை, பால் கடை, பழக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாமே இதில் அடங்கும். குழந்தைகளுக்கான பால் பவுடர் விற்கும் மருந்துக் கடைகள் பலவற்றிலும் இந்த எண் இருக்கும். எண்ணைப் பார்த்தால் நாயோடு உள்ளே போக வேண்டாம்.

"நாய்க்கு இடம் உண்டு என்று விளம்பரம் செய்கிற காபி கடைகள் இருக்கின்றனவே?" இருக்கின்றன. பொதுவாக வெளியே தோட்டத்திலோ தாழ்வாரத்திலோ நாய்க்கு இடம் ஒதுக்கி, சமையலறையையும் பரிமாறும் இடத்தையும் தள்ளி வைத்திருப்பார்கள். போகும் முன் போன் செய்து, எந்தப் பகுதியில் அனுமதி, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாயை நாற்காலியில் ஏற்றுவதும், கடைத் தட்டிலேயே அதற்கு ஊட்டுவதும் வேண்டாம். அடுத்து அந்தத் தட்டில் சாப்பிடப் போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

உள்ளே விடவில்லை என்றால் வாசலில் கட்டிவிட்டு இரண்டு நிமிடத்தில் வந்துவிடலாமா? கூடாது என்றுதான் சொல்வேன். கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. தெருநாய் ஒன்று உறுமிக்கொண்டு வந்தால் அதற்கு வழியே இல்லை. ஆசையாகத் தடவ வரும் குழந்தையைப் பயத்தில் கடித்துவிடலாம். கண்ணில் பட்ட நல்ல ஜாதி நாயை அவிழ்த்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நிறுத்தியிருக்கும் பைக்கின் கைப்பிடியில் கட்டுவது இன்னும் மோசம். ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும், நாய் பாய்ந்து இழுக்கும், சைடு ஸ்டாண்ட் மடங்கும், வண்டி நாயின் மேலேயே விழும்.

காரில் விட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெளியே 35 டிகிரி வெயில் என்றால், மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 45 டிகிரி ஆகிவிடும். அரை மணி நேரத்தில் 50-ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது உடம்பைக் குளிர்விக்கிறது. சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும்.

அப்படி ஒரு நாய் தள்ளாடுவதையோ, எச்சில் வழிய வேகமாக மூச்சு வாங்குவதையோ பார்த்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

இதற்கெல்லாம் தண்டனை இல்லையா? 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவில் விலங்குக்குத் தேவையற்ற வேதனை தருவது குற்றம். ஆனால் முதல் முறை செய்தவருக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகையைப் பார்த்து எந்தக் குற்றவாளியும் பயப்படப் போவதில்லை. ஆகவே இந்த விஷயத்தில் நம் அக்கறைதான் நாய்க்குக் காவல்.

சரி, கடைக்காரர் உள்ளே வரச் சொல்லிவிட்டார். நாய்க்கு அது பிடிக்குமா? பளபளப்பான டைல்ஸ் தரையில் நாயின் கால் எப்படி நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். பிடிமானம் கிடைக்காமல் நகங்களை விரித்து ஊன்றும், பின்னங்கால் விலகிப் போகும். வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொள்வது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் பயத்தின் அடையாளங்கள். அவற்றைப் பார்த்ததும் வெளியே வந்துவிடுங்கள். அடுத்த கட்டம் உறுமலாக இருக்கலாம்.

நம் ஊர் நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் காவலுக்குப் பேர்போனது, வேற்றாளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள், கண்ணுக்கு முன்னால் எது ஓடினாலும் துரத்தப் பார்க்கும். இவை எதுவும் கெட்ட குணம் கிடையாது, தலைமுறை தலைமுறையாக நாம் வளர்த்துவிட்ட குணம். தி.நகர் கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டத்துக்குள் இவற்றைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை.

குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் என்ன? பழக்கலாம், பழக்கவும் வேண்டும். மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை குட்டி பார்க்கும் மனிதர்களும் கேட்கும் சத்தங்களும் அதன் குணத்தைத் தீர்மானிக்கும். ஆனால் தடுப்பூசித் தவணைகள் முடியும் வரை தரையில் விடாதீர்கள். பார்வோ (ரத்தக் கழிச்சலில் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்) கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு காட்டினாலே போதும்.

கடைக்குள் இருக்கும் மற்றவர்களையும் பார்க்க வேண்டும். சிறு வயதில் நாய்க்கடி பட்டவர்களுக்கு உங்கள் செல்லம் எவ்வளவு சாது என்பது தெரியாது. "ஒண்ணும் பண்ணாதுங்க" என்ற நம் வழக்கமான வார்த்தையால் அவர்கள் பயம் போய்விடாது. நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவிய பிறகே தொழ வேண்டும் என்ற நெறி உள்ள முஸ்லிம் வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். அவர்களிடம் விளக்கம் கேட்காமல், கயிற்றைக் குறுக்கிப் பிடித்து நாலடி தள்ளி நிற்பதுதான் மரியாதை. நீட்டிச் சுருக்கும் கயிறு கடைக்குள் உதவாது. நாலு, ஐந்தடி நீளமுள்ள உறுதியான கயிறு எடுத்துப் போங்கள்.

கடித்துவிட்டால்? கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். ரேபிஸ் (வெறிநாய்க்கடியால் வரும் மூளை நோய்) அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அதனால் "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம்" என்று நீங்களே முடிவு சொல்லாதீர்கள். தடுப்பூசிப் புத்தகத்தை டாக்டரிடம் காட்டுங்கள், அவர் முடிவு செய்யட்டும்.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கடைக்காரர் அனுமதித்தார் என்பதால் உங்கள் பொறுப்பு போய்விடாது. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் அது கிடைக்கும். இரண்டையும் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அமெரிக்காவில் என் மகன் இருக்கிற ஊரில் நாயோடுதான் கடைக்குப் போகிறார்கள்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சட்டப்படி உள்ளே வர உரிமையுள்ளது, மாற்றுத்திறனாளிக்கு உதவுவதற்கென்று பயிற்சி பெற்ற நாய்க்குத்தான். ஊழியர் இரண்டே கேள்வி கேட்கலாம்: உடற்குறையின் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றது? மற்ற வளர்ப்பு நாய்களுக்கு அங்கும் கடைக்காரரின் அனுமதிதான்.

கடை நடத்துபவர்களும் ஒன்று செய்யலாம். நாய்க்கு அனுமதி உண்டா இல்லையா என்பதை வாசலிலேயே தெளிவாக எழுதி மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சங்கடம் முழுவதும், மாதச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் வாசல் ஊழியர் மேல் விழுகிறது.

நாய் வளர்ப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் அவருக்காகத்தான். அவர் "நாய் வேண்டாங்க" என்றால் அவரிடம் வாதாடாதீர்கள். அந்த விதியை அவர் போடவில்லை, அதை மாற்றும் அதிகாரமும் அவரிடம் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு நாயோடு நடையைத் தொடருங்கள்.