ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு வண்ணப்பெட்டி!

''கல்யாணத்துக்கு முந்தி நல்லா வரைவேங்க. இப்ப எங்கே? வயசும் ஆச்சு, முட்டிவலி வேற!'' என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? ஹென்றி மத்தீஸின் கதையைக் கேளுங்கள்.

1869-ல் பிரான்ஸில் பிறந்தவர். அப்பா தானிய வியாபாரி. சட்டம் படித்து, வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். இருபது வயதில் குடல்வால் அழற்சி வந்து படுக்கையில் விழுந்தார். 'பிள்ளைக்குப் பொழுது போகட்டுமே' என்று அம்மா ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான்! 1891-ல் சட்டத்தை உதறிவிட்டு, ஓவியம் கற்க பாரிஸுக்குப் போய்விட்டார். அப்பாவுக்குத்தான் ஏமாற்றம்.

உலகப் புகழ் பெற்ற பிறகு இன்னொரு சோதனை. 1941-ல், 71 வயதில், குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன். உயிர் பிழைத்தார், ஆனால், முன்போல நின்று வரைய முடியவில்லை. படுக்கையும் சக்கர நாற்காலியும்தான் கதி. சோர்ந்துவிட்டாரா? ம்ஹூம்! உதவியாளர்களைத் தாள்களில் வண்ணம் பூசச் சொன்னார். உட்கார்ந்தபடியே கத்தரிக்கோலால் இலை, பறவை, மனித உருவம் என வெட்டித் தள்ளினார். அவற்றைச் சுவரில் பொருத்தியே படமாக்கினார். 1954-ல் 84 வயதில் இறந்தார். கடைசிக் காலம்வரை கத்தரிக்கோலை விடவில்லை.

கவனித்தீர்களா? கலையை விடவில்லை, செய்யும் விதத்தைத்தான் மாற்றிக்கொண்டார்.

குனிந்து கோலம் போட முடியலையா? மேஜையில் நோட்டை வைத்துப் புள்ளி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் போதும். பிரமாதமாக வரணும்னு இல்லை. விட்டுப்போகக் கூடாது, அதுதான் முக்கியம்.

அடுத்த முறை உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது, ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு வண்ணப்பெட்டியும் வாங்கிப் போங்களேன். யார் கண்டது?