எட்டு இலைப் பந்தி

பாகூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சின்ன வயசில் டிவியில் கேசட் போட்டு கான்ட்ரா ஆடுவோம். சண்டை முற்றினால் எதிரிகளும் குண்டுகளும் மினுக் மினுக்கென்று மறைந்து மறைந்து வரும். தூசு என்று கேசட்டைக் கழற்றி ஊதுவோம். இப்போது என் மகன் அதே ஆட்டத்தை போனில் ஆடுகிறான். ஒரு மினுக்கலும் இல்லை. அப்படியென்றால் எங்கள் மிஷின் டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட்டாகத்தான் இருந்திருக்கும். நம் பக்கம் விற்றவற்றில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்து அடித்த நகல்கள். ஆனால் மினுக்கலுக்கு அது காரணமில்லை. ஜப்பானில் வாங்கிய அசல் பெட்டியும் அப்படியேதான் மினுக்கும். ஊதியதில் கேசட்டுக்கு எச்சில் ஈரம்தான் மிச்சம்.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்காக: ஃபேமிகாம் 1983 ஜூலையில் வந்தது. சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 1985இல், மொத்தமே 40 கிலோபைட்டில். கோனாமியின் கான்ட்ரா 1987இல் ஆர்கேடுக்கு, 1988இல் வீட்டுக்கு. போதும்.

விஷயம் படம் போடும் சில்லில் இருக்கிறது. ஒரு முழுப் படத்தையும் புள்ளி புள்ளியாகச் சேர்த்து வைக்க அதற்கு நினைவகம் கிடையாது. அதனால் டிவியின் கதிர் ஒரு வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிக்கு வேண்டியதைத் தேடி எடுக்கிறது. ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 64 மைக்ரோவினாடி. மேரியோ, ஆமை, குண்டு என்று நகர்கிற எல்லாமே ஸ்பிரைட் எனப்படும் 8 புள்ளி அகலத் துண்டுகளால் ஆனவை. மொத்தம் 64 துண்டுகளுக்கு ஒரு பட்டியல். சில்லு அதை மேலிருந்து படித்து, அடுத்த வரியில் தலைகாட்டும் முதல் எட்டுத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒன்பதாவதற்கு அந்த வரியில் இடமில்லை.

கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 விருந்தாளிகள், ஆனால் வரிசைக்கு எட்டே இலை. பட்டியலைப் பிடித்தபடி வாசலில் நிற்கும் பெரியவர் முதல் எட்டுப் பேரை உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். ஒன்பதாவது ஆள் மாப்பிள்ளையின் தாய்மாமனே ஆனாலும் வெளியேதான். ஆட்டம் எழுதியவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் என்னைச் சொக்கவைக்கிறது: ஒவ்வொரு பந்திக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், பட்டியலைக் கலைத்துப் போட்டார்கள். இந்தப் பந்தியில் விடுபட்டவர் அடுத்ததில் முன்வரிசை. யாருக்கும் வயிறு நிறையாது, யாரும் பட்டினியும் இல்லை. அந்த அரை வயிறுதான் நீங்கள் பார்த்த மினுக்கல். மேரியோ போன்ற அகலமான ஆசாமிக்கு இரண்டு இலை வேண்டும்; அதனால் நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே வரிசை நிறைந்துவிடும். பிள்ளையாருக்கென்று ஒரு இலையும் உண்டு. மேரியோவில் பட்டியலின் முதல் துண்டு, மேலே நாணயப் படத்தோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். கலைத்துப் போடும் ஆட்டத்தில் அது சேராது. கதிர் அதைத் தொட்டதும், மதிப்பெண் பட்டை முடிந்தது, இனி கீழே இருப்பதை நகர்த்தலாம் என்று கணக்குச் சில்லு தெரிந்துகொள்ளும். (ஒப்புமையை ரசம் வரைக்கும் இழுக்கலாம். வேண்டாம்.)

நம் ஊரில் மினுக்கல் இன்னும் கொஞ்சம் உறுத்தியிருக்கும். ஜப்பானில் டிவி வினாடிக்கு 60 முறை படம் வரைந்தது. நம்முடைய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 50 முறை. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் குண்டு அங்கே வினாடிக்கு 30 முறை தெரியும், இங்கே 25 முறை. மேரியோவின் கடிகாரமும் படங்களை எண்ணித்தான் ஓடுகிறது: 24 படத்துக்கு ஒரு எண் குறையும். 400 எண் அங்கே 160 வினாடியில் தீரும். அதே ஆட்டத்தை மாற்றாமல் இங்கே ஓட்டினால் 192 வினாடி. மேரியோவும் அந்த அளவுக்கு ஆறஅமரத்தான் ஓடுவார்.

போனில் ஓடுவது எமுலேட்டர், பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் மென்பொருள். அது கதிரோடு போட்டி போட வேண்டியதில்லை என்பதால் பலவற்றில் இந்த எட்டு வரம்பை எடுத்துவிடும் வசதி உண்டு. மினுக்கல் போகும். அதைத்தான் 'மேம்பட்ட தரம்' என்று விற்கிறார்கள். வில்லியனூர் தேர்த் திருவிழாக் கடை ஒன்றில் '620 ஆட்டம், 4கே' என்று அச்சடித்த குட்டிப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அசல் படம் 256க்கு 240, அதாவது 61,440 புள்ளி. அதை எத்தனை பெரிய திரைக்கு இழுத்தாலும் 61,441ஆவது புள்ளி எங்கிருந்து வரும்? 620 என்பதும் நம்பும்படி இல்லை. இந்த மாதிரிப் பெட்டிகளில் ஒரே ஆட்டம் வேறு வேறு பெயரில் வரிசை கட்டி நிற்பது பழைய வழக்கம்.

வரம்பை எடுப்பதால் கெட்டுப்போகும் ஆட்டங்களும் உண்டு. கோனாமியின் காசில்வேனியா 2இல் நாயகன் சைமன் சதுப்பில் இறங்கினால் கால்கள் சேற்றில் புதையும். சேற்றை மேலே பூசி மறைக்கவில்லை. அந்த வரிகளில் கண்ணுக்குத் தெரியாத துண்டுகளைப் பட்டியலின் முன்னால் திணித்து எட்டு இடத்தையும் அடைத்துவிட்டார்கள். காலுக்கு இடமில்லை, ஆகவே கால் இல்லை. வரம்பை எடுத்துவிட்ட எமுலேட்டரில் சைமன் முழுக் காலும் தெரிய, சேறு ஒட்டாமல் நடந்து போகிறார். 4கே தரத்தில்.