பாடப்புத்தகம் 1943-லேயே முடிஞ்சுடும்... மிச்சக் கதையை ஆய்வேட்டில் தேடும் லெபனான் மாணவர்கள்!

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தின் கடைசிப் பாடம் என்னன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு வராதுன்னு நாம பெரும்பாலும் புரட்டாமலே விட்ட பாடம் அது. லெபனான்ல படிச்ச ஒரு பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டால், அநேகமாக '1943'-ன்னு பதில் வரும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நாடு விடுதலை பெற்ற வருஷம். கொடி ஏறும், தலைவர்கள் சிறையிலிருந்து வெளியே வருவார்கள், புத்தகம் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒண்ணுமே நடக்கலையா? நடந்தது. 1975 ஏப்ரல் 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெய்ரூட்டின் அய்ன் அல்-ரும்மானே பகுதியில் ஒரு பேருந்து சுடப்பட்டது. அதில் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1990 வரை, 15 வருஷம் ஓடியது. செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கின்றன மதிப்பீடுகள். காணாமல் போனவர்கள் 17,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அந்தச் சின்ன நாட்டில் இந்தப் போர் தொடாத குடும்பம் என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனாலும், பாடப்புத்தகத்தில் அது கிடையாது.

இந்தக் காலி இடத்தைத்தான் அங்கே கல்வியியல், ஊடகவியல், உளவியல் துறைகளில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கும் பலர் தங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மூணும் வேற வேற டிபார்ட்மென்ட்தானே, எப்படி ஒரே இடத்துக்கு வந்து சேருது? அதுக்கு முதல்ல புத்தகம் ஏன் பாதியில் நிற்குதுன்னு பார்க்கணும்.

ஒரு புத்தகம், பல சண்டை

போரை முடித்துவைத்த 1989 தாயிஃப் ஒப்பந்தத்திலேயே, வரலாற்றுக்கும் குடிமைக் கல்விக்கும் நாடு முழுக்க ஒரே பாடநூல் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 1997-ல் புதிய பாடத்திட்டமும் வந்தது. குடிமையியலுக்குப் பொதுப் புத்தகம் வந்துவிட்டது. வரலாற்றுக்கு மட்டும் வரவில்லை.

வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. 2001-ல் ஒரு புத்தகம் கிட்டத்தட்ட ரெடியாகி, அமைச்சர் உத்தரவில் நின்றுபோனது. சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு பாடத்தில், அந்த மண்ணுக்கு வந்துபோன அந்நியர்களின் பட்டியலில் அரபுகளையும் சேர்த்திருந்ததுதான் பிரச்னை. ஒரு தரப்புக்கு அது வரலாறு. இன்னொரு தரப்புக்கு அவமானம். 2012-ல் மறுபடி முயன்றபோது, 2005-ல் நடந்த மக்கள் எழுச்சிக்கு 'சிடார் புரட்சி' என்ற பெயரைப் புத்தகத்தில் விட்டுவிட்டார்கள் என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு அங்கீகரித்த மதப் பிரிவுகள் 18. ஒருத்தருக்குத் தியாகி, இன்னொருத்தருக்குக் கொலைகாரர். புத்தகத்தில் எந்தப் பெயரைப் போடுவீங்க?

பேசாமல் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு நாடே வந்த மாதிரிதான். 1991-ல் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. ஆயுதம் தூக்கிய தலைவர்கள் பலர் கோட் சூட் போட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். பேச்சு வழக்கில் அந்தப் போருக்குப் பலர் சொல்லும் பெயர் என்ன தெரியுமா? 'அல்-அஹ்தாத்'. அதாவது, 'நிகழ்வுகள்'. 15 வருஷப் போருக்கு இவ்வளவு மெதுவான ஒரு சொல்!

டி.வி போட்டால் வேறு வேறு நாடு

புத்தகம் வாயை மூடிக்கொண்டால் குழந்தை எங்கே போகும்? வீட்டுக்கும் டி.வி-க்கும்தான். அங்கேதான் ஊடகவியல் மாணவர்களின் வேலை ஆரம்பிக்கிறது.

எல்.பி.சி சேனலை 1985-ல் தொடங்கியது 'லெபனீஸ் ஃபோர்சஸ்' என்ற கிறிஸ்தவ ஆயுதக் குழு. 1991-ல் அல்-மனார் வந்தது, அது ஹெஸ்புல்லாவுடையது. 1993-ல் ஃபியூச்சர் டி.வி, அது ரஃபீக் ஹரீரியுடையது. என்.பி.என், சபாநாயகர் நபீஹ் பெர்ரியின் வட்டாரம். 2007-ல் வந்த ஓ.டி.வி, மிஷேல் அவுனின் கட்சி. 1994-ல் ஒளிபரப்புச் சட்டம் கொண்டுவந்து உரிமம் கொடுத்தபோதும், பங்கு ஏறக்குறைய இதே கணக்கில்தான் பிரிந்தது. அரசுச் சேனலான தெலே லிபானும் இருக்கு. ஆனால், பிரிச்சுக் கொடுத்த பந்தியில் பொதுச் சாப்பாடு யாருக்கு வேணும்?

இத்தனைக்கும் ஒருகாலத்தில் ஊடகம் அங்கே உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. போர் தொடங்கிய நாள்களில் ஷரீஃப் அல்-அகவி என்ற வானொலி அறிவிப்பாளர், எந்தத் தெரு 'திறந்திருக்கு, பாதுகாப்பா இருக்கு', எந்தத் தெருவில் துப்பாக்கிக்காரன் நிற்கிறான் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். நீங்கள் எந்த மதம் என்று அவர் குரல் கேட்கவில்லை. அலுவலகம் போனவர்கள் அதைக் கேட்டுத்தான் வீடு திரும்பினார்கள்.

ஆய்வு செய்வது எப்படி... அதாவது, எப்படி முடியும்?

இப்போது பெய்ரூட்டில் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 24. போர் முடிந்து பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள். 'பெற்றோர் போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறார்கள், என்ன சொல்லாமல் விடுகிறார்கள்' என்பது அவள் தலைப்பு. ஒரே கேள்விதான். பள்ளி ஏன் சொல்லவில்லை என்றால் அது கல்வியியல், டி.வி என்ன சொன்னது என்றால் ஊடகவியல், சொல்லாதது மனசில் என்ன செய்கிறது என்றால் உளவியல்.

முதல் சிக்கல், யாரிடம் கேட்பது? எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே அந்த விகிதத்தில் ஆள் எடுக்க முடியும்? லெபனானில் கடைசியாக அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932-ல். தப்பாகப் படிக்கவில்லை, 1932-தான். பதவிகளையும் நாற்காலிகளையும் மதப் பிரிவு வாரியாகப் பங்கிடும் நாட்டில், தலையை எண்ணினாலே அரசியல். நேராக 'நீங்க எந்தப் பிரிவு?' என்று கேட்பதும் சங்கடம். அங்கே ஆள்கள் அதைக் கேட்பதற்கு ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறார்கள்: 'உங்களுக்கு எந்த ஊர்?' ஊரும் குடும்பப் பெயரும் தெரிந்தால் மிச்சம் தானே தெரிந்துவிடும். நம்மூர்ல பெயரையும் ஊரையும் கேட்டு எதைத் தெரிஞ்சுக்கப் பார்க்கிறாங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பெய்ரூட்காரர்கள் வணக்கம் சொல்வதைக் கேலியாக 'ஹாய், கீஃபக், சா வா?' என்பார்கள். ஒரே வரியில் இங்கிலீஷ், அரபு, பிரெஞ்சு. கணக்கும் அறிவியலும் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோதான் படிப்பு. போனில் அரபை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். அதில் இல்லாத ஒலிகளுக்கு 3, 7 என்று எண்களைப் போடுவார்கள். இப்படி ஒருவரிடம், அமெரிக்காவில் தயாரான ஒரு மனச்சோர்வுக் கேள்வித்தாளை எந்த மொழியில் நீட்டுவது?

பொதுவான வழி, ஒருவர் அரபுக்கு மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். இரண்டையும் ஒப்பிட்டு எங்கே பிசகியது என்று பார்ப்பார்கள். ஆனால், எழுத்து அரபு வேறு, பேச்சு அரபு வேறு. கேள்வித்தாள் செய்தி வாசிப்பாளர் மாதிரிப் பேசும். வீட்டில் ஒருவர் சொல்வதோ, 'நஃப்ஸீத்தி தஅபானே' - 'என் மனசு களைச்சுப் போச்சு'. 'மனசே சரியில்லப்பா' என்று நாம் சொல்வதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? அதே கஷ்டம்தான் அங்கேயும்.

மூன்றாவது, கேட்பதே காயப்படுத்தலாம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு இதைத்தான் முதலில் கேட்கும்: பேட்டி கொடுப்பவர் உடைந்து அழுதால் என்ன செய்வாய்? நிறுத்த வேண்டும், பதிவை அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும், உதவி எண் கையில் இருக்க வேண்டும். அங்கே 2017-ல் தொடங்கிய 'எம்ப்ரேஸ்' உதவி எண் 1564. டிப்ளமாவில் எங்களுக்குப் பேட்டி எடுப்பது எப்படி என்று ஒரு செமஸ்டர் நடந்தது. எதிரில் இருப்பவர் அழுதால் என்ன செய்யணும்னு யாரும் சொல்லித்தரலை. வேலைக்கு வந்த பிறகு, ஒரு அம்மா என் முன்னால் அழுதபோது, நான் ரெக்கார்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சொல்லும் சீட்டாட்டக் கதை

சரி, கேட்டால் பெற்றோர் என்னதான் சொல்வார்கள்? போர்க்கால வீட்டு நினைவுகளில் திரும்பத் திரும்ப வருபவை ஆச்சர்யமாக லேசானவை. அடித்தளத்தில் பதுங்கியபோது மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடிய சீட்டாட்டம், மாடிப்படியில் அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்த சாப்பாடு, பரீட்சை ரத்தான சந்தோஷம். பொய் இல்லை, எல்லாம் நடந்ததுதான். ஆனால், அந்தக் கதைகளில் யாரும் யாரையும் சுடுவதில்லை. குண்டு வரும், அனுப்பியவர் இருக்க மாட்டார்.

பெற்றோர் பட்ட துன்பம், அதை அனுபவிக்காத பிள்ளையின் நினைவாகவே மாறிவிடுவதை 'பின்நினைவு' என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யூதப் படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது மரியான் ஹிர்ஷ் உருவாக்கிய கருத்து அது. லெபனான் ஆய்வுகளிலும் இப்போது புழங்குகிறது. அங்கே சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். பேட்டி கொடுக்கும் அப்பா பாதிக்கப்பட்டவர் மட்டும்தானா? 'அப்போ நீங்க எங்க இருந்தீங்க, கையில என்ன வெச்சிருந்தீங்க?' என்று மகள் கேட்க வேண்டியிருக்கலாம். அந்தப் பதிலை ஆய்வேட்டில் போட முடியுமா? போட்ட பிறகு ராத்திரி ஒரே மேசையில் சாப்பிட முடியுமா?

எண்களும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பெய்ரூட் மருத்துவர்கள் குழு 2,857 பேரிடம் நடத்திய தேசிய ஆய்வு, 2006-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் போர் தொடர்பான கொடுமை ஒன்றை நேரடியாக அனுபவித்தவர்கள். 17 சதவிகிதம் பேருக்கு, முந்தைய 12 மாதத்தில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு. அவர்களில் சிகிச்சை எடுத்தவர்கள் சுமார் 11 சதவிகிதம்தான். கட்டுரை வந்த சில மாதத்தில், அதே ஜூலையில், அடுத்த போர் வந்துவிட்டது.

'போஸ்ட்' எப்போது வரும்?

இங்கேதான் உளவியல் மாணவர்கள் தங்கள் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். 'போஸ்ட் டிராமாட்டிக்' என்றால் அதிர்ச்சிக்குப் பிறகு. முடிந்தால்தானே பிறகு? 2019-ல் வாட்ஸ்அப் அழைப்புக்கு வரி என்று அறிவித்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே காலத்தில் வங்கிகள் சேமிப்பை முடக்கின. டாலருக்கு சுமார் 1,500 ஆக இருந்த லெபனான் பவுண்டு, சில வருஷத்தில் 89,500-க்குப் போனது. 2020 ஆகஸ்ட் 4, மாலை 6:07-க்குத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் பேஜர்கள் வெடித்தன; பிறகு பெரும் குண்டுவீச்சு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு ஓட, அரசுப் பள்ளிகள் அகதி முகாம்களாகின.

நிறவெறிக் கால தென்னாப்பிரிக்காவில் 1980-களில் உளவியலாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'தொடரும் அதிர்ச்சி'. பெய்ரூட் மாணவர்களுக்கு அது தங்கள் டைரி மாதிரி இருக்கிறது. எந்த அடி விழுந்தாலும் எழுந்துவிடுவார்கள் என்று உலகம் லெபனான்காரர்களைப் பாராட்டும் அல்லவா, வெடிப்புக்குப் பிறகு அந்தப் பாராட்டே பலருக்கு எரிச்சல். தாங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே, தாங்க வைத்தவர்களை விட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் கோபம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

இதற்கு நடுவே படிக்கவும் வேண்டும். நெருக்கடி உச்சத்தில் அரசு மின்சாரம் ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரம்தான். மிச்சத்துக்குத் தெரு ஜெனரேட்டருக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். ஒருமணிநேரப் பேட்டியைக் கேட்டுத் தட்டச்சு செய்ய நாலைந்து மணி நேரம் ஆகும். லேப்டாப் சார்ஜ் தீர்வதற்குள் எத்தனை பக்கம் முடிக்கலாம் என்பதும் அங்கே ஆய்வு முறையில் ஒரு பகுதி.

எழுதி முடித்த ஆய்வேடுகள் எங்கே போகின்றன? 1866-ல் தொடங்கிய பெய்ரூட் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 1875-ன் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் பிரெஞ்சில். அரசின் லெபனீஸ் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைகளில் அரபு அதிகம். அந்த அரசுப் பல்கலைக்கழகமே போரின்போது நகரம் இரண்டாகப் பிளந்ததும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனக் கிளை பிரிந்தது. கிளைகள் இன்னும் இருக்கின்றன. ஒரே கேள்வியைக் கேட்ட மூன்று மாணவிகள் ஒருவரை ஒருவர் படிக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். டி.வி-யைப் பிரித்தாளும் பழக்கத்தை ஆராய்ந்த ஆய்வுகளே இப்படித் தனித்தனி அலமாரியில் கிடப்பது கொஞ்சம் உறுத்துகிறது.

இருந்தாலும், எல்லாமே அலமாரியில் தூங்குவதில்லை. 2013-ல் பெய்ரூட்டில் ஊடக எழுத்தறிவுக்கென்றே ஒரு கோடைக்கால அகாடமி தொடங்கியது. ஒரே செய்தியை வெவ்வேறு சேனல்கள் எப்படிச் சொல்கின்றன என்று பிரித்துப் பார்க்க ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் பழகினார்கள். வரலாற்று ஆசிரியர்களின் சங்கம் ஒன்று, ஒரே புத்தகத்துக்குக் காத்திருக்காமல், ஒரு சம்பவத்துக்குப் பல சாட்சியங்களை வகுப்பில் வைத்துப் பிள்ளைகளையே ஒப்பிடச் சொல்லும் முறைக்குப் பயிற்சி தருகிறது.

பெய்ரூட்டில் நகரைப் பிளந்த பழைய எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு மஞ்சள் கட்டடம் நிற்கிறது. 1924-ல் கட்டிய குடியிருப்பு. போரில் துப்பாக்கிக்காரர்கள் பதுங்கிச் சுட்ட இடம். இப்போது 'பெய்த் பெய்ரூத்' என்ற நினைவகம். அதன் கீழ்த்தளத்தில் 'போட்டோ மாரியோ' என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. கட்டடத்தை இடிக்கவிடாமல் போராடிய கட்டடக்கலைஞர் மோனா ஹல்லாக், 1990-களில் அந்தக் குப்பைக்குள் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களைக் கண்டெடுத்தார். பிறந்தநாள் குழந்தைகள், பாஸ்போர்ட் முகங்கள், புதுச் சட்டை போட்ட பையன்கள். யார் யார் என்று பெயர் இல்லை. வந்து பார்ப்பவர்களிடம் அந்தப் படங்களைக் கொடுத்து, 'வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க, யாருக்காவது அடையாளம் தெரியுதான்னு' என்று அனுப்பினார்கள்.