அம்பது வயசானா பேரை வெட்டலாமா?

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கம் நாங்கள் போகும்போது தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது: "அம்பது ஆயிருச்சு, ஈ.பி.எப். காசுக்கு எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கன்னு சொல்றாங்க. நிக்கத்தான் வேணுமா?"

நிற்க வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்று இருப்பது, சேர்ந்த காசை எடுக்கலாம் என்கிற வயசு. வேலையை விட்டுப் போகவேண்டிய வயசு அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

வேலை வயதுக்குத் தனிச் சட்டம் உண்டு. 2021 நவம்பரில் வந்த 28ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வயதைக் காட்டி 60க்கு முன் ஆளை நிறுத்த முடியாது. (சட்டம் வந்த அன்று 52 வயது நிரம்பியிருந்தவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு.) தோட்டமானாலும் கண்டி டவுன் கம்பெனியானாலும் சட்டம் ஒன்றுதான்.

பேர் வெட்டிய பிறகு நடப்பது என்ன? அதே மலை, அதே கூடை, அதே கங்காணி. ஆனால் செக்ரோலில் பேர் இல்லை, கைக்காசு. வயசாகிவிட்டது என்று நிறுத்திய ஆளையே கொழுந்து கூடினால் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அப்போது மட்டும் வயசு தெரியாதாக்கும்!

2024இல் தீர்மானித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பாருங்கள். நிர்வாகம் உங்களுக்காகக் கட்டவேண்டிய ஈ.பி.எப். 12 வீதம், நாளுக்கு 162 ரூபா. ஈ.டி.எப். 3 வீதம், 40 ரூபா 50 சதம். கைக்காசு ஆளுக்கும் இதைக் கட்டத்தான் வேண்டும், கட்டாத இடங்களும் உண்டு. இதைவிடப் பெரியது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், அதாவது 18,900 ரூபா. 50இல் நின்றால் மீதிப் பத்து வருஷத்துக்கு 189,000 ரூபா போச்சு.

முக்கியமாக ஒன்று. 'என் விருப்பப்படி விலகுகிறேன்' என்ற கடிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டால் பிறகு வழக்குப் பேசுவது கஷ்டம். சிங்களத்திலோ இங்கிலீசிலோ கடிதம் வந்தால் படித்த பிள்ளையிடமோ தலைவரிடமோ காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடையாள அட்டையில் ஒரு பிறந்த தேதி, தோட்டத்துப் புத்தகத்தில் வேறு தேதி என்றிருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். அம்பதாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

மீறி நிறுத்தினால் கண்டியிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். மீண்டும் வேலை கொடுக்கவோ நட்டஈடு கட்டவோ உத்தரவிட அதிகாரம் உண்டு. தொழில் நியாயசபைக்குப் போவதென்றால் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். அடையாள அட்டை, ஈ.பி.எப். இலக்கம், சம்பளத் துண்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். துண்டைக் கசக்கி அடுப்பில் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.