கார் பளபளக்கிறது, பின்னிருக்கை சீட் பெல்ட் எங்கே? தூய்மைப் பணியில் பலரும் தவறவிடுபவை

புது தில்லி: தில்லி, குருகிராம், நொய்டா ஆகிய நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொழுது புலரும் முன்பே கார்களைத் துடைக்கும் பணி தொடங்கிவிடுகிறது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி; அவற்றைக் கொண்டே அடுத்தடுத்துப் பல கார்கள் துடைக்கப்படுகின்றன. மாத ஊதியத்துக்கு இப்பணியைச் செய்பவருக்கு ஒரு காருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. உரிமையாளர் அலுவலகம் புறப்படும்போது வண்டி பளிச்சென்று இருந்தால் போதும் என்பதே இரு தரப்பினரின் எதிர்பார்ப்பும். ஆனால், கண்ணில் படும் பரப்பு மட்டுமே தூய்மையாகும் இந்த வழக்கத்தில், வாகனத்தின் ஆயுளையும் பயணிகளின் பாதுகாப்பையும் தீர்மானிக்கும் சில பணிகள் விடுபட்டுப் போகின்றன.

சீட் கவருக்குள் புதைந்த பெல்ட்

அவற்றுள் முதன்மையானது பின்னிருக்கை சீட் பெல்ட். புதிய கார் வாங்கியதும் சீட் கவர் பொருத்துவது இந்தியாவில் ஏறத்தாழ ஒரு சடங்காகவே மாறிவிட்டது. அப்போது பெல்ட்டைப் பூட்டும் பக்கிள்கள் கவருக்கு அடியில் சென்று மறைந்துவிடுகின்றன. வாரந்தோறும் இருக்கை துடைக்கப்பட்டாலும், மறைந்துபோன பக்கிளை வெளியே எடுத்து வைப்போர் குறைவு.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த கார் விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. முன்னோக்கி அமைந்த பின்னிருக்கைகளில் பயணிப்போரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்பே உள்ளது. மீறுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். எனினும், பக்கிள் எங்கே இருக்கிறது என்றே தெரியாத காரில் இந்த விதியால் என்ன பயன்?

பெல்ட்டை இறுதிவரை வெளியே இழுத்து, கிழிசலோ நைந்த இழைகளோ உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, முற்றிலும் உலர்ந்த பின்னரே உள்ளே செல்லவிட வேண்டும். ஈரத்துடன் சுருட்டிக்கொண்டால் பூஞ்சை படரும். பிளீச்சிங் போன்ற கடும் இரசாயனங்கள் பெல்ட்டின் இழைகளை வலுவிழக்கச் செய்யும் என்பதால், அவற்றை அறவே தவிர்க்க வேண்டும். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில், அதற்கெனத் திறப்பு இல்லாத சீட் கவர், ஏர்பேக் விரிவதையே தடுக்கக்கூடும்.

கண்ணாடியின் உட்புறம்

முன்பக்கக் கண்ணாடியின் வெளிப்புறம் நாள்தோறும் துடைக்கப்படுகிறது. உட்புறத்தை எவரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டின் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து வெளியேறும் ஆவி, கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. பகலில் இது எளிதில் புலப்படாது. இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி பட்டதும் படலம் ஒளியைச் சிதறடிக்க, சாலையைக் கடப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அபாயம் உண்டு. டேஷ்போர்டை மினுமினுக்கச் செய்யும் பாலிஷ், படலத்தை அதிகமாக்குவதுடன் பகல் வெயிலைக் கண்ணாடியில் எதிரொளிக்கவும் செய்யும். அதே பாலிஷை ஸ்டீயரிங்கிலோ, பிரேக், கிளட்ச் பெடல்களிலோ பூசுவது இன்னும் ஆபத்தானது. கையும் காலும் வழுக்கும்.

கதவுக்குள் தேங்கும் நீர்

மும்பை போன்ற கடலோர நகரங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் பருவமழையும் உப்புக்காற்றும் இரும்புக்குப் பகை. கதவுக் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர், கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியே வடியும்படியே கார்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. சேறு அத்துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கி, துரு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே வண்ணப்பூச்சு கொப்பளிக்கும்போதுதான் உரிமையாளர் அதைக் கவனிக்கிறார்; அதற்குள் தகடு பெரும்பாலும் கெட்டுவிடுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் துளைகளைத் திறந்துவிட ஐந்து நிமிடம் போதும். வைப்பருக்கு அடியில் உள்ள பள்ளத்தில் சேரும் இலைச் சருகுகளும் இவ்வாறே நீரை அடைத்து, ஏ.சி. காற்று நுழையும் வழியாக அதைக் காருக்குள் செலுத்தக்கூடும்.

துடைப்பதற்கு முன் நீர்

வண்ணப்பூச்சைப் பொறுத்தவரை பெரும் கேடு விளைவிப்பது அந்த ஒற்றைத் துணிதான். தூசியை நீரால் கழுவி நீக்காமல் தேய்த்தால், மணல் துகள்கள் உப்புத்தாள் போலச் செயல்பட்டு, வெயிலில் சிலந்தி வலை போன்று தெரியும் நுண்கீறல்களை ஏற்படுத்துகின்றன. சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொரு வாளி என இரண்டு வைத்துக்கொள்வதும், சக்கரங்களுக்குத் தனித் துணி பயன்படுத்துவதும் இதற்கான எளிய வழிகள். ஆழ்துளைக் கிணற்று நீர் தானாக உலர்ந்தால் சுண்ணாம்புக் கறை படியும் என்பதால், நிழலில் நிறுத்திக் கழுவி உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும்.

அதே வேளையில், தாராளமாக நீரைப் பீய்ச்சுவது எல்லா ஊர்களிலும் இயலாது. பெங்களூரு குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில், தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, குடிநீரால் வாகனங்களைக் கழுவுவதற்குத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. கைத்தெளிப்பானில் சோப்பு நீரைத் தெளித்துத் தூசியை ஊறவிட்டு, துணியின் மடிப்பை மாற்றி மாற்றி ஒரே திசையில் மெல்லத் துடைத்தால் நீரும் மிஞ்சும், கீறலும் குறையும். ஆனால் சேறு அப்பிய காருக்கு இம்முறை பொருந்தாது.

கழுவி முடித்ததும் செய்ய வேண்டிய ஒன்றையும் பலர் மறந்துவிடுகின்றனர். பிரேக் டிஸ்க்குகளில் நீர் தங்கியிருக்கும் என்பதால், காரை அப்படியே நிறுத்திவைக்காமல், சிறிது தொலைவு மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாகச் சில முறை அழுத்தி உலர்த்திய பிறகே நிறுத்த வேண்டும்.